வெட்டி எறிந்த அந்தி

அந்தக் கல்லின் மேல் அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்களில் அதுவும் ஒன்று. பெயர்கூட வைக்காமல் வெறும் எண்ணோடு விட்டுவிட்டார்கள். சூரியனை ஒரு சுற்று சுற்றி முடிக்க ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பாதை ஏறக்குறைய வட்டம். பூமிப் பக்கம் எட்டிப் பார்க்கிற எண்ணமே அதற்குக் கிடையாது. நிறம் அடுப்புக்கரி. அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் முக்காலே மூணுவீசத்தைத் தானே விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்குத் தரும். அப்பேர்ப்பட்ட கஞ்சக் கல்.

மற்றவர்களின் கற்கள் அப்படியில்லை. விண்கல் ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு கல்லைப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நீளமான கல் தன்னைத்தானே சுற்றும்போது அகலப் பக்கம் திரும்பினால் பிரகாசம் கூடும், குறுகிய பக்கம் திரும்பினால் குறையும். சில மணி நேரத்தில் திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைத்துவிடும். அதை வைத்துச் சுற்றும் வேகம் இவ்வளவு, வடிவம் இப்படி என்று கட்டுரை எழுதிவிடலாம். இவளுடைய கல்லின் கோடு மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி நேராகக் கிடந்தது. ஒரு ராத்திரி இல்லை, இரண்டு ராத்திரி இல்லை, ஒரு மாதமாக.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கல்லு டாக்டர் என்று பெயர். வேலையைப் பார்த்து வைத்த பெயர் பாதி, குணத்தைப் பார்த்து வைத்த பெயர் மீதி. மூக்குக்கு மேல் கோபம் வரும். சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பிடிக்காது. அவள் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது என்று சொல்ல வருகிறவர்கள் கதவருகிலேயே நின்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள்.

தொலைநோக்கி ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருந்தது. சாயங்காலம் வெயில் தணிவதற்கு முன்பே வேன் வந்துவிடும். காலையில் வெளிச்சம் நன்றாக வந்தபிறகு அதே வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். மூன்றாவது மாடி வீட்டுக் கதவைத் திறந்தால் அப்பா டீயோடு நிற்பார். கடைசி பஸ் ஓட்டியே ஆயுசில் பாதியைக் கழித்தவர். ராத்திரி வேலைக்குப் போய்விட்டு வருகிறவருக்குக் காலையில் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பேச்சு வேண்டாம், சூடான டீ வேண்டும். டீயில் பாதி இறங்கும்வரை பொறுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்னம்மா, கல்லு திரும்பிச்சா?"

"இல்லப்பா. அப்படியேதான் இருக்கு."

"என்னை மாதிரின்னு சொல்லு," என்பார். தினமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. வேறு யாராவது தினமும் ஒரே நகைச்சுவையைச் சொன்னால் கல்லு டாக்டர் கடித்துக் குதறியிருப்பாள். அப்பா சொன்னால் அவளுக்கு அது ஒரு நாள் முடிந்ததற்கான கையெழுத்து.

அந்தக் கல்லில் அவள் இவ்வளவு மல்லுக்கட்டியதற்குக் காரணம் இருந்தது. கடல் தாண்டி ஒரு மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் அரை வருடம் வேலை செய்ய அவளைக் கேட்டிருந்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவை வரக்கூடிய வாய்ப்பு. அங்கிருந்த இயக்குநரிடம் சரி என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டாள். எழுத்தில் கொடுப்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு முன் ஒரே ஒரு விஷயம் உறுதியாக வேண்டும். அப்பா தனியாக இருப்பாரா?

இருப்பார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பா டக்டக்கென்று பதில் சொன்னதோடு, டாக்டரின் கைக்கடிகாரம் தாமதமாக ஓடுவதையும் சுட்டிக்காட்டினார். தனியாக இருக்கத் தகுதியானவர் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். பால்காரர் கேட்டதற்கு ஐயாவுக்கு என்ன குறைச்சல் என்றார். எதிர்வீட்டு ஆசிரியை, உங்கள் அப்பாவிடம்தான் தினமும் காலையில் குறுக்கெழுத்துக்கு விடை கேட்கிறேன் என்றாள். மூன்று சாட்சி. வழக்கு முடிந்தது என்று வைத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொள்ளாதவள் அண்ணி ஒருத்திதான். அண்ணன் சரக்குக் கப்பலில் இருந்தான். வருடத்தில் பாதி நாள் தண்ணீரில். அண்ணி இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடையில் ஆள் மாறியதும் சாயங்காலம் மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். நாத்தனாரும் அவளும் பேசிக்கொள்வது ஃபோனில்தான், அதுவும் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் பேசுகிற மாதிரி, முகம் பார்க்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி நேரிலேயே வந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. என்ன ஆச்சு என்று கேட்டதற்குக் கடை ஷட்டர் இறங்கிவிட்டது என்றாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சாயங்காலம் ஆனா மாமா வேற ஆளா ஆயிடறாரு. நீ எங்கயும் போகாத. இல்ல, அவரை என் வீட்டுக்கு அனுப்பிட்டுப் போ."

கல்லு டாக்டருக்குச் சுருக்கென்றது. தன் வீட்டுக்கு அனுப்பு என்றால் என்ன அர்த்தம், இந்த வீடு காலியாக வேண்டும் என்றுதானே அர்த்தம் என்று மனம் எங்கெங்கோ போனது. அண்ணி மேல் அவளுக்கு இருந்த பழைய கசப்பெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்து நின்றது.

"நான் தினமும் பார்க்கிறேன் அண்ணி. டாக்டர் பார்த்திருக்காரு. நீங்க சாயங்காலம் கொஞ்ச நேரம் வந்து பார்த்துட்டு பெருசா சொல்ல வந்துட்டீங்க."

அண்ணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "ஒரு சாயங்காலம் இருந்து பாரு. அவ்வளவுதான் கேட்கிறேன்." பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கல்லு டாக்டர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி எப்போதுமே எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள்.

ஊதாமலே பெரிதாக இருந்த சில விஷயங்கள் அவள் கண்ணிலும் பட்டிருந்தன. ஒருநாள் வேனுக்குக் கிளம்பும்போது அப்பா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். காலாற நடக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். வீட்டில் இருக்கும் செருப்பை விட்டுவிட்டு டியூட்டி ஷூ எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு நாள் அவள் போய்வருகிறேன் என்றதற்கு, "சரிங்க மேடம்" என்றார். கேலி செய்கிறார் என்று அவளும் ஒரு சல்யூட் அடித்தாள். அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதைப் படியிறங்கும்போது நினைத்தாள். வேனில் ஏறியதும் மறந்தாள். நாள் சுருங்கிக்கொண்டு வந்த மாதங்கள் அவை. வேன் வரும் நேரத்துக்கே இப்போதெல்லாம் வெயில் மஞ்சளாகிவிடுகிறது.

கல்லிடமும் அதையேதான் செய்தாள். ஒவ்வொரு ராத்திரியும் எடுத்த படங்களில் முதல் சிலவற்றையும் கடைசிச் சிலவற்றையும் வெட்டி ஒதுக்கிவிடுவது அவர்கள் வழக்கம். அந்தி வெளிச்சம் வானத்தில் மிச்சமிருக்கும், கல் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அளவு சுத்தமாக வராது. அந்தப் படங்களில் கல் மங்கலாகத் தொடங்கி மெல்லத் தேறும். அந்தியின் வேலை என்று ஒதுக்கிவிட்டு நடு ராத்திரியை மட்டும் வைத்துக்கொண்டாள். சுத்தமான கோடு. உருண்டையான, சாதுவான, சலனமில்லாத கல். கட்டுரையின் முதல் வரியையும் அப்படியே எழுதி வைத்தாள்.

கட்டுரை போவதற்கு முன் சம்பிரதாயத்துக்காக உலகின் மறுபுறத்தில் இருந்த ஓர் ஆய்வாளருக்கு எண்களை அனுப்பினாள். அவருக்குப் பகலானால் இவளுக்கு ராத்திரி. மறுபக்கத்துக்காரர் என்று ஆய்வுக்கூடத்தில் அவரைச் சொல்வார்கள். தன்மையான மனிதர். அவரும் சில நாள் அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்வதாக எழுதியிருந்தார்.

அவருடைய பதில் அவள் வேனில் ஏறி உட்கார்ந்தபோது வந்தது. குன்றுக்குப் போகும் சாலையில் வேன் குலுங்கிக்கொண்டிருந்தது. மடியில் கணினியைத் திறந்து வைத்து அவர் அனுப்பிய கோட்டைப் பார்த்தாள். அவளுடைய நேர்க்கோடு முடிகிற இடத்தில் அது தொடங்கியது. கொஞ்ச தூரம் நேராகப் போய், திடீரென்று பள்ளத்தில் விழுந்தது. கல்லின் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஏறி வந்து மறுபடி நேரானது.

கீழே அவர் விளக்கியிருந்தார். அது ஒரு கல் இல்லை. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு கற்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் சரிகிறது. சுற்றி முடிக்க ஆகும் நேரம் நம்முடைய ஒரு நாளைவிடச் சொற்பம்தான் கூடுதல். அதனால் உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மறைப்பு ஒவ்வொரு நாளும் அந்தியிலும் விடியலிலும் வந்து விழுகிறது, உங்கள் இரவில் எப்போதும் இரண்டும் பக்கம்பக்கமாகச் சமர்த்தாக நிற்கின்றன. சுற்றுகிற வேகத்தை வைத்து எடையும் போட்டுப் பார்த்தாராம். அளவுக்குத் தகுந்த எடை இல்லை. உள்ளே நிறைய இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. புண்படுத்துகிற ஆள் இல்லை அவர், இருந்தாலும் அது அப்படித்தான் இருந்தது. முப்பது இரவுகள் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், ஒரே இரவை முப்பது தடவை பார்த்திருக்கிறீர்கள்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பொய் என்று நிரூபித்துவிடலாம் என்று வெட்டி ஒதுக்கிய அந்திப் படங்களை எல்லாம் திரும்ப எடுத்து வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு நாளும் கல் மங்கலில் இருந்துதான் எழுந்திருந்தது. அதே படங்களில் பக்கத்தில் இருந்த நட்சத்திரங்கள் மங்கவில்லை. அந்தி குற்றவாளி என்றால் அவையும் சேர்ந்து தடுமாறியிருக்க வேண்டும். இது கற்றுக்குட்டிக்கும் தெரிந்த பாடம். இன்னொன்றையும் கவனித்தாள். மாதத் தொடக்கத்தில் அந்த மங்கல் இரண்டொரு படத்தோடு நின்றிருந்தது. போகப் போக அது நீண்டு, சுத்தமான ராத்திரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒரே இரவை முப்பது தடவை. நான் தினமும் பார்க்கிறேன் அண்ணி. டாக்டர் பார்த்தது காலையில். பால்காரர் வருவது காலையில். குறுக்கெழுத்து காலையில். ஜன்னலுக்கு வெளியே வயல் மேட்டில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வேனை நிறுத்தச் சொன்னாள். ஓட்டுநர் இங்கே எதுவுமே கிடைக்காது மேடம் என்றார். மேடம் என்ற சொல் அவளைச் சுட்டது. இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். அண்ணிக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கும் செய்தாள். அவரும் எடுக்கவில்லை. ஊருக்குள் பஸ் நுழையும்போது தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பகலும் இல்லாத இரவும் இல்லாத அந்த வெளிச்சத்தில் தன் தெருவைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. எதிரே வந்த முகங்களில் ஒன்றும் தெரிந்த முகமாக இல்லை.

கட்டடத்தின் வெளிக்கதவு திறந்து கிடந்தது. படிக்கட்டு விளக்கு எரியவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அண்ணி படியில் உட்கார்ந்திருந்தாள், இந்தச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிவரை காலை நீட்டி வழியை அடைத்துக்கொண்டு. கட்டு அவிழ்ந்து தொங்கியது. அவளுக்கு மேலே நாலு படி தள்ளி அப்பா நின்றார். பழைய சீருடைச் சட்டை, பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் சாவி. எந்த பஸ்ஸின் சாவியும் இல்லை, வீட்டுச் சாவி.

"கண்டக்டர், வழியை விடு," என்றார் அப்பா. அவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரல் அது. "ஜனங்க நிக்கறாங்க. நேரமாகுது."

"வண்டி இன்னும் வரலை மாமா. வந்ததும் சொல்றேன்," என்றாள் அண்ணி. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு என்று கேட்டதுமே தெரிந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் அண்ணி முகத்தில் வெற்றி எதுவும் வரவில்லை. சோர்வாகத் தலையை மட்டும் அசைத்தாள்.

"முன்னாடியெல்லாம் நல்லா இருட்டினப்புறம்தான் ஆரம்பிக்கும்," என்றாள் கீழ்க்குரலில். "இப்ப வெயில் இருக்கிறப்பவே. விடியறதுக்கு முன்னாடி தெளிஞ்சிடுவாரு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகுது. கீழ்வீட்டுப் பெரியவர் உள்ள வெச்சுப் பூட்டச் சொன்னாரு. எனக்கு மனசு வரலை."

ராத்திரி முழுக்க அண்ணி இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், விடிந்ததும் வேன் வருமுன் கிளம்பிப் போயிருக்கிறாள் என்று கல்லு டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். சொன்னாளே. அண்ணியைத் தாண்டி மேலே ஏறினாள்.

"அப்பா."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் கோபம் வடிந்து, வேற்றாளிடம் காட்டுகிற மரியாதை வந்தது. அவளால் தாங்க முடியாதது அந்த மரியாதைதான்.

"நீங்க யாரும்மா? மேல் வீடா?"

"ம்."

"சத்தம் போட்டுட்டேனா? மன்னிச்சுக்கங்க." சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு ஒரு நொடி தெரிந்த மாதிரி இருந்தது. குனிந்து தன் பொத்தான்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பொண்ணு காலையில வருவா. ராத்திரி வேலை அவளுக்கு. நான் இப்படி அலையறேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவ அந்த மலைக்குப் போக மாட்டா."

கீழே தெருவில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. அப்பாவின் தலை அந்தச் சத்தத்தின் பின்னாலேயே திரும்பியது.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மேலே அழைத்துப் போனார்கள். சீருடையோடேயே நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போனார். அண்ணியின் அவிழ்ந்த கட்டை எடுத்துவிட்டு இவள் புதிதாகக் கட்டிவிட்டாள். ஷட்டர் இல்லை, அவர் தள்ளியதில் கைப்பிடிக் கம்பியில் அடித்துக்கொண்டது என்று அண்ணி அப்போதுதான் சொன்னாள். கல்லு டாக்டர் அழுதாள். அண்ணி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள், பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக. இயக்குநருக்கு மலைக்கு வர இயலாது என்று ஒரு வரி அனுப்பினாள் இவள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வானம் வெளுக்குமா, வெளுத்தால் அவர் தெளிவாரா, இன்றைக்கு எவ்வளவு நேரம் தள்ளிப்போகும் என்று கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு விடியலுக்காக அவள் இப்படிப் பயந்ததில்லை.

வெளிச்சம் தரையில் விழுந்து நாற்காலிக் காலைத் தொட்டபோதும் அப்பா எழவில்லை. எதிர்வீட்டில் பால் வாங்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். சட்டையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது வேட்டியும் பனியனுமாக, கையில் டீயோடு, தினமும் அவள் பார்க்கிற அப்பாவாக வந்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றிருந்தாள், இப்போதுதான் வந்த மாதிரி.

டீயில் பாதி இறங்கும்வரை பொறுத்திருந்தார்.

"என்னம்மா, கல்லு திரும்பிச்சா?"

சத்தியம் செய்திருந்தாள். கல்லைப் பற்றித்தானே கேட்கிறார்.

"திரும்பிடுச்சுப்பா. அது ஒரு கல்லு இல்லையாம். ரெண்டாம். நாங்க பார்க்கிற நேரத்துல ஒண்ணு மாதிரியே நின்னிருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. என்னை மாதிரின்னு சொல்லு என்று சொல்லவில்லை. அவள் குடித்து முடித்த டம்ளரைக் கையிலிருந்து வாங்கி, அதன் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மேல் வீட்டுப் பொண்ணு," என்றார், "உங்கிட்ட சொல்லிட்டாளா?"